அப்பாவுக்கு புரோஸ்டேட் புற்றுநோய், கிளீசன் 3+4: ஆபரேஷனா, ரேடியேஷனா, பொறுத்துப் பார்க்கலாமா?

#1 கரிசல்காட்டான்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயசு 67. கோவில்பட்டி பக்கம் ஊர். லாரி ஓட்டி ஓய்ஞ்சவர், இப்ப கொஞ்சம் மானாவாரி நிலம் பாக்குறார். சுகர் இருக்கு, மாத்திரையில கட்டுக்குள்ள இருக்கு. நெஞ்சுக் கோளாறு ஏதும் இல்ல. ஒண்ணுக்குப் போறதுதான் பல வருஷமா தொல்லை. சொட்டு சொட்டா வரும், ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிப்பார்.

போன மாசம் மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில காட்டினோம். புரோஸ்டேட்டுக்காக ரத்தத்துல பாக்குற பி.எஸ்.ஏ. 7.2. எம்.ஆர்.ஐ.ல பை-ரேட்ஸ் (புற்றுநோய்ச் சந்தேக அளவு, 5 வரை) 4. பயாப்ஸியில 12 துண்டு எடுத்ததுல 4ல புற்றுநோய். புற்றுநோய் எவ்வளவு மூர்க்கம்னு சொல்ற கிளீசன் மார்க் 3+4=7, அதாவது அஞ்சு படியில ரெண்டாவது, கிரேடு குரூப் 2. புரோஸ்டேட் 64 கிராம் இருக்காம். டாக்டர் அஞ்சு நிமிஷம் பேசினார். "ரோபோட்டிக்ல எடுத்துரலாம், அடுத்த வாரம் தேதி இருக்கு, அட்வான்ஸ் கட்டிட்டுப் போங்க"ன்னுட்டார். எஸ்டிமேட்டைப் பாத்ததும் தங்கச்சி நகையைக் கழட்டிட்டா.

வேற வழி இருக்கான்னு கேட்டதுக்கு, "ரேடியேஷன் இருக்கு, ஆனா இதுதான் பெஸ்ட்"னு ஒரே வரியில முடிச்சார். அவசரப்படணுமா? ஆபரேஷன் இல்லாம முடியாதா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. அப்பாகிட்ட 'சின்னக் கட்டி'ன்னு மட்டும்தான் சொல்லி வச்சிருக்கோம்.

#2 மட்டுறுத்துநர்

மேல உள்ள பதிவுல இருந்த ஆஸ்பத்திரி பேர், டாக்டர் பேர், பேஷண்ட் நம்பர் தெரியுற ரிப்போர்ட் போட்டோ மூணையும் எடுத்துட்டோம். எண்களை எழுத்துல போட்டாலே போதும். மருந்து அளவை இங்க கேட்டுட்டு வீட்டுல மாத்திக்க வேண்டாம். மத்தபடி பேசுங்க.

#3 வடமராட்சியான்

தம்பி, முதல்ல கொஞ்சம் ஆறுதலா இருங்கோ. அடுத்த கிழமைக்குள்ள வெட்டாட்டி ஆளைக் கொண்டுபோற வருத்தம் இல்லை இது. எனக்கும் இதே வருத்தம்தான். கிளீசன் 3+3, பி.எஸ்.ஏ. 5 சொச்சம். நான் இருக்கிறது கனடா ஸ்காபரோவில. இஞ்ச டொக்டர்மார் எனக்கு வெட்டவும் இல்லை, கதிர் குடுக்கவும் இல்லை. பாத்துக்கொண்டு இருக்கினம். ஆறு மாசத்துக்கொருக்கா ரத்தம், இடைக்கிடை எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டா திரும்பவும் பயொப்சி. கிரேட் கூடினா அண்டைக்குத் துவங்குவம் எண்டுதான் கதை. இந்த முறையை 1995இல ஒழுங்காத் துவக்கி வைச்ச ஆக்களில முக்கியமானவர் டொரன்டோ சன்னிபுரூக் ஆஸ்பத்திரி டொக்டர் லோரன்ஸ் குளொட்ஸ். அதால இஞ்ச இது ஒரு புதினமே இல்லை.

பிரித்தானியாவில புரோடெக்ட் எண்டு பெரிய ஆய்வு செய்தவை. 1,643 ஆம்பிளையளை மூண்டாப் பிரிச்சு, ஒரு பகுதிக்கு ஒப்பரேசன், ஒரு பகுதிக்குக் கதிர், மற்றப் பகுதியைச் சும்மா கண்காணிச்சவை. 15 வருசக் கணக்கு 2023இல வந்தது. மூண்டு பகுதியையும் சேர்த்து இந்தப் புற்றுநோயால செத்தவை 45 பேர். நூற்றுக்கு மூண்டு பேர்கூட இல்லை. ஒப்பரேசன் 12, கதிர் 16, கண்காணிப்பு 17. சொல்லிக்கொள்ளுற அளவுக்கு வித்தியாசம் இல்லை. நகையைத் திருப்பிக் குடுத்திட்டு ரெண்டாவது டொக்டரிட்டப் போங்கோ.

#4 கத்தி பிடிச்சவன்

நான் யூராலஜி சர்ஜன், அரசு மருத்துவக் கல்லூரியில இருக்கேன். வடமராட்சியான் அண்ணன் சொன்னது நிஜம், ஆனா பாதிதான். புரோடெக்ட்ல இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க கிளீசன் 6. பி.எஸ்.ஏ. நடுமதிப்பு 4.6. அந்தக் கூட்டத்துலயே கண்காணிப்புல இருந்தவங்களுக்கு நோய் வேற இடத்துக்குப் பரவினது 9.4 சதவீதம். ஆபரேஷன்ல 4.7, ரேடியேஷன்ல 5. சாவு எண்ணிக்கை ஒண்ணா இருக்கலாம், எலும்புக்குப் பரவி ஊசி, மாத்திரைன்னு வாழ்றதும் பரவாம வாழ்றதும் ஒண்ணில்ல. கண்காணிப்புன்னு ஆரம்பிச்சவங்கள்ல 61 சதவீதம் பேர் 15 வருஷத்துக்குள்ள ஏதோ ஒரு சிகிச்சைக்குப் போயிட்டாங்க.

3+3ஐ நான் வெட்டுறதே இல்ல. 3+4ல கவனிக்க வேண்டியது அந்த '4' (மூர்க்கம் கூடின செல் அமைப்பு) எவ்வளவு சதவீதம்னு. பயாப்ஸி ரிப்போர்ட்ல 'பேட்டர்ன் 4: இத்தனை சதவீதம்'னு ஒரு வரி இருக்கும். அது 5, 10னு இருந்தா ஒரு பேச்சு, 40னு இருந்தா வேற பேச்சு. அந்த வரியைப் பாத்துச் சொல்லுங்க.

அவசரம் பத்தி: இந்த கிரேடுக்கு ரெண்டு மூணு மாசம் யோசிச்சு முடிவெடுத்தா ஒண்ணும் கெட்டுப்போகாது. அடுத்த வாரம் தேதி இருக்குங்கிறது ஆஸ்பத்திரிக்குள்ள வசதி, நோயோட வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

#5 பழைய லேப்காரர்

சிகிச்சை பேசுறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். முப்பது வருஷத்துக்கு மேல லேப்ல ரத்தம் பாத்தவன் கேக்குறேன். ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கிறவர் அதுக்கு ஏதும் மாத்திரை போடாமலா இருப்பார்? அப்பா சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்து, பின்பக்கம் எழுதியிருக்கிறதை வாசிச்சு இங்க எழுதுங்க. பேரு வேண்டாம், உள்ள இருக்கிற மருந்து.

#6 கரிசல்காட்டான்

தங்கச்சி ஊர்ல இருக்கா, வீடியோ கால்ல காட்டச் சொன்னேன். பிஸ்கட் டப்பாவுல போட்டு வச்சிருக்கார். மெட்பார்மின், கிளிமிபிரைடு, அப்புறம் ஒரு கேப்ஸ்யூல்: டாம்சுலோசின் 0.4, டூட்டாஸ்டெரைடு 0.5. ரெண்டு வருஷத்துக்கு மேல சாப்பிடுறாராம். கோவில்பட்டியில ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தது, மெடிக்கல்ல அட்டையைக் காட்டி வாங்கிக்குறார். மதுரை டாக்டர் வேற மாத்திரை என்னன்னு கேட்டப்ப "சுகருக்கு மட்டும்தான்"னு சொன்னாராம்.

பேட்டர்ன் 4, 30 சதவீதம்னு இருக்கு.

#7 பழைய லேப்காரர்

நினைச்சேன். டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு ரெண்டும் புரோஸ்டேட்டைச் சுருக்குற மருந்து. ஆறு மாசத்துக்கு மேல சாப்பிட்டா பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியா இறங்கிடும். லேப் மிஷினுக்கு அது தெரியாது, வந்த எண்ணை அச்சடிச்சுக் குடுத்துரும். அதனால உங்க அப்பாவோட 7.2ஐ இரட்டிச்சுப் பாக்கணும், 14 பக்கம். முடி கொட்டுதுன்னு ஃபினாஸ்டெரைடு 1 மில்லிகிராம் சாப்பிடுற இளந்தாரிகளுக்கும் இதே கதைதான். 'பி.எஸ்.ஏ. நார்மல்'னு நிம்மதியா இருப்பாங்க.

இதுக்கு நேர்மாறா, மூத்திரத்துல கிருமி இருந்தாலோ டியூப் போட்டு எடுத்திருந்தாலோ பி.எஸ்.ஏ. சும்மாவே ஏறும்.

#8 கத்தி பிடிச்சவன்

லேப்காரர் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. இது கணக்கையே மாத்துது. பி.எஸ்.ஏ. 7.2, கிரேடு குரூப் 2ன்னா 'சாதகமான நடுத்தர ரிஸ்க்'னு சொல்லலாம், கண்காணிப்பைக்கூடப் பேசலாம். பி.எஸ்.ஏ. 14, கிரேடு குரூப் 2ன்னா, 10ஐத் தாண்டின பி.எஸ்.ஏ.வும் அந்த கிரேடும்னு ரெண்டு காரணம் சேந்துருச்சு, 'சாதகமில்லாத நடுத்தர ரிஸ்க்' ஆயிருச்சு. பேட்டர்ன் 4 வேற 30 சதவீதம். நானா இருந்தா கண்காணிப்பைக் கழிச்சுருவேன். ஸ்கேன் எடுத்து எலும்புலயும் நெறிக்கட்டுலயும் ஏதும் இல்லைன்னு பாத்துட்டுத்தான் மத்ததைப் பேசுவேன். பி.எஸ்.எம்.ஏ. பெட் (புரோஸ்டேட் புற்றுநோய் செல் எங்க இருக்குன்னு தேடுற ஸ்கேன்) கிடைச்சா அது, இல்லைன்னா போன் ஸ்கேனும் சி.டி.யும். இதை மதுரை டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. அவர்மேல குத்தமில்ல, அவருக்கு அந்தக் கேப்ஸ்யூல் தெரியாது.

#9 வேப்பங்காத்து

இத்தனை பேர் பேசுறீங்க, நம்ம மருந்தை ஒருத்தரும் சொல்லலையே. நெருஞ்சில் குடிநீர், பூசணி விதை, தக்காளி இதெல்லாம் புரோஸ்டேட்டுக்கு நல்லது. என் சித்தப்பாவுக்கு மூத்திரம் நல்லாப் போச்சு. வெட்டுறதுக்கு முன்னாடி மூணு மாசம் பாக்கலாமே. பக்கவிளைவு இல்லாதது.

#10 பழைய லேப்காரர்

ஐயா, உங்க சித்தப்பாவுக்கு இருந்தது வயசானா வர்ற வீக்கமா இருக்கலாம், அதுல மூத்திரம் சரியானதை நான் மறுக்கல. இங்க பேசுறது பயாப்ஸியில ஊர்ஜிதமான புற்றுநோய்.

பக்கவிளைவு இல்லைங்கிறதுக்கு ஒரு பழைய விஷயம். அமெரிக்காவுல பி.சி.-ஸ்பெஸ்னு எட்டு மூலிகை சேந்த கேப்ஸ்யூல் ஒண்ணு வித்தாங்க. புரோஸ்டேட் புற்றுநோய்க்காரங்க பலருக்கு பி.எஸ்.ஏ. நிஜமாவே இறங்குச்சு. 2002ல பிரிச்சுப் பாத்தா உள்ள பெண் ஹார்மோன் மருந்தும் ரத்தத்தை இளக்குற வார்ஃபரினும் கலந்திருக்கு. திரும்ப வாங்கிட்டாங்க. மூலிகைன்னு நினைச்சு ஹார்மோன் சாப்பிட்டிருக்காங்க. வைட்டமின் ஈ கதையும் அப்படித்தான். 35,000க்கும் மேல ஆம்பளைங்களுக்குக் குடுத்துப் பாத்த ஆய்வுல, வைட்டமின் ஈ சாப்பிட்டவங்களுக்கு இந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலா வந்ததுன்னு 2011ல எழுதினாங்க. பூசணி விதை தின்னட்டும். அதுக்காகத் தேதியைத் தள்ள வேண்டாம். எது சாப்பிட்டாலும் டாக்டருக்குத் தெரியணும். கேப்ஸ்யூல் விஷயத்துல பாத்தோமே.

#11 லீனியர் ரூம்

ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட். நீங்க இன்னும் ரேடியேஷன் டாக்டரைப் பாக்கவே இல்லைன்னு தெரியுது. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துருங்க. சர்ஜன் ரேடியேஷனைப் பத்திச் சொல்றதும், ரேடியேஷன்காரர் ஆபரேஷனைப் பத்திச் சொல்றதும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டைப் பத்திச் சொல்ற மாதிரிதான் இருக்கும். ட்யூமர் போர்டுன்னு ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பேசுற இடமா, அடையாறு, வேலூர் மாதிரி இடமாப் பாருங்க.

முன்ன மாதிரி ஏழெட்டு வாரம் கிடையாது. 37 தடவையில 74 கிரே (கதிர் அளவு) குடுத்ததையும் 20 தடவையில 60 கிரே குடுத்ததையும் 3,200 பேர்ல ஒப்பிட்டுப் பாத்து, குறைஞ்ச தடவையே போதும்னு 2016ல வந்துருச்சு. நாலு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை. தகுதியுள்ளவங்களுக்கு அஞ்சே தடவையில முடிக்கிறதும் இருக்கு, அதோட அஞ்சு வருஷ முடிவு 2024ல வந்தது. உங்க அப்பா ரிஸ்க்குக்கு அநேகமா கூடவே நாலு முதல் ஆறு மாசம், ஆண் ஹார்மோனை அடக்குற ஹார்மோன் ஊசியும் சொல்வாங்க.

உள்ள என்ன நடக்கும்னு தெரிஞ்சா பயம் போகும். வலி கிடையாது. குடல் காலியா இருக்கணும், மூத்திரப்பை நிறைஞ்சிருக்கணும். நாங்க அரை லிட்டர் தண்ணி குடிக்கச் சொல்லி உக்கார வைப்போம். பை நிறைஞ்சா குடலும் பையும் கதிர்ப் பாதையிலிருந்து கொஞ்சம் விலகும். டேபிள்ல படுத்ததும் தினமும் ஒரு சின்ன சி.டி. எடுத்துப் பாப்போம். மலக்குடல்ல வாயு நின்னா புரோஸ்டேட்டே சில மில்லிமீட்டர் நகந்துரும். "ஐயா எந்திரிங்க, ஒரு நடை போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிருவோம். காலையில மொச்சையும் முட்டைக்கோசும் சாப்பிட்டு வர்றவங்களை எனக்கு முகத்தைப் பாத்தே தெரியும்.

சிகிச்சை நடக்கும்போது மூத்திர எரிச்சல், அடிக்கடி போறது, வெளிக்கிப் போறதுல தொந்தரவு இருக்கும், முடிஞ்சு சில வாரத்துல தணியும். ஒரு சிலருக்கு வருஷம் கழிச்சு மலத்துல ரத்தம் வரலாம். ஆனா மூத்திரம் ஒழுகுறது ரொம்பக் குறைவு. அதே புரோடெக்ட் ஆய்வுல, ஆபரேஷன் பண்ணவங்கள்ல ஆறு மாசத்துல 46 சதவீதம் பேர் பேட் வச்சாங்க, ஆறு வருஷத்துலயும் 17 சதவீதம். ரேடியேஷன்ல 4தான்.

#12 கத்தி பிடிச்சவன்

லீனியர் ரூம் சொன்னது எல்லாம் சரி, ஆனா பேஷண்டைப் பாத்துப் பேசுங்க. 64 கிராம் புரோஸ்டேட், மருந்து சாப்பிட்டும் ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கிறார், சொட்டுச் சொட்டாப் போறார். இப்பவே அடைச்சிருக்கிற இடத்துல ரேடியேஷன் குடுத்தா வீங்கி, மூத்திரம் நின்னு, டியூபோட வந்து நிக்கிறவங்களை நான் பாத்திருக்கேன். ஆபரேஷன் பண்ணா புற்றுநோயும் போகும், அடைப்பும் போகும். அப்புறம் பி.எஸ்.ஏ. 0.2ஐத் தாண்டினா ரேடியேஷன் குடுக்க வழி இருக்கு. ரேடியேஷனுக்கு அப்புறம் ஆபரேஷன்னா திசு எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும், மலக்குடலுக்கு ஆபத்து.

#13 லீனியர் ரூம்

அந்த "அப்புறம் ரேடியேஷன் குடுத்துக்கலாம்" பேச்சுதான் எனக்கு ஒத்துக்காது. ரெண்டும் பண்ணா ரெண்டோட பக்கவிளைவும் ஒரே ஆளுக்கு. அதை முதல் நாளே சொல்லணும்.

அடைப்பு விஷயம் ஒத்துக்குறேன். ஹார்மோன் ஊசி போட்டு ரெண்டு மூணு மாசம் பொறுத்தா புரோஸ்டேட் சுருங்கும். முதல்ல டி.யு.ஆர்.பி. (மூத்திர வழியா உள்ள போய் அடைக்கிற சதையைச் சுரண்டி எடுக்கிறது) பண்ணி வழி விட்டுட்டு, ஆறினப்புறம் ரேடியேஷன் குடுக்கிறதும் உண்டு. ஆனா 64 கிராமும் இவ்வளவு தொந்தரவும் இருக்கிற ஆளுக்கு ஆபரேஷன் ஒரு நல்ல வழிதாங்கிறதை மறைக்க மாட்டேன். மூத்திரம் போற வேகத்தைப் பாக்குற யூரோஃப்ளோ டெஸ்ட் எடுத்து, போனப்புறம் பையில எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு பாத்தா தெளிவாயிரும்.

#14 கோமதி அக்கா, சேலம்

தம்பி, எல்லாரும் கதிரையும் கத்தியையும் பேசிட்டிருக்கீங்க. இந்த இழையில மனுஷன் எங்க? அப்பாகிட்ட 'சின்னக் கட்டி'ன்னு சொல்லியிருக்கேன்னு முதல் பதிவுலயே எழுதியிருக்கே. யாரும் அதைக் கேக்கல, நான் கேக்குறேன். ஆபரேஷனுக்கு கையெழுத்து அவர் போடணும். எதுக்குன்னு தெரியாம எப்படிப் போடுவார்? லாரி ஓட்டின மனுஷனுக்கு இதைத் தாங்குற நெஞ்சு இருக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?

இன்னொண்ணு, நான் சொல்லலைன்னா இங்க ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. தாம்பத்தியம். 67 வயசுன்னா அது முடிஞ்சதுன்னு பிள்ளைங்க நினைச்சுக்கிறது. அந்த வெளிநாட்டு ஆய்வை என் மக படிச்சுக் காட்டினா. சிகிச்சைக்கு முன்னாடி நூத்துக்கு 67 பேருக்கு விறைப்பு சரியா இருந்ததாம், ஆறு மாசத்துல ஆபரேஷன் பண்ணவங்கள்ல 12, கதிர் எடுத்தவங்கள்ல 22. கொஞ்சம் பேருக்குப் பிறகு தேறுது. ஆனா மகன் எதிர்ல உக்காந்திருந்தா எந்த அப்பாவும் இதைக் கேக்க மாட்டார். டாக்டர் ரூம்ல அவரை அஞ்சு நிமிஷம் தனியா விடுங்க. முடிஞ்சா அம்மாவையும் உள்ள அனுப்புங்க.

ஹார்மோன் ஊசின்னு லேசா சொன்னாங்களே, அது என்னன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரருக்குக் கண்டுபிடிக்கும்போதே முதுகெலும்புக்குப் போயிருச்சு. அவருக்கு வாழ்நாள் முழுக்க, உங்க அப்பாவுக்கு ஆறு மாசம், அது வேற. ஆனா உடம்பு மாறும். ஊசிக்கு முன்னாடியே ஹார்மோனைத் தடுக்குற பைகலூட்டமைட் மாத்திரை ஆரம்பிச்சாங்க, முதல் ஊசியில ஹார்மோன் ஒரு தடவை ஏறித்தான் இறங்குமாம். அப்புறம் மார்கழியிலயும் குப்புன்னு வேர்த்து சட்டையைக் கழட்டுவார். தொடை சதை கரைஞ்சு வயிறு போட்டுச்சு. சுகர் ஏறிச்சு, உங்க அப்பாவுக்கு அதைக் கவனிக்கணும். எலும்பு தேயும்னு கால்சியம், வைட்டமின் டி குடுத்தாங்க, எலும்பு ஊசி போடுறதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. கோவம் வராத மனுஷன் டிவி ரிமோட்டுக்கு அழுதார்.

மூணாவது ஊசியோட எங்களுக்குக் காசு முடியல. விதையை எடுக்கிற ஆபரேஷன் பண்ணா ஊசியே வேண்டாம், காப்பீட்டு அட்டையில ஆயிரும்னு அரசு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஒரு வாரம் பேசாம இருந்தார். அப்புறம் அவரே "பண்ணிரலாம்"னார். சின்ன ஆபரேஷன்தான், மறுநாளே வீட்டுக்கு வந்தோம். ஊர்ல ஹெர்னியான்னு சொல்லிக்கிட்டோம். இப்ப ஹார்மோனை இன்னும் அடக்குற அபிராட்டெரோன் மாத்திரை சாப்பிடுறார், நடமாடுறார், பேத்தியை ஸ்கூலுக்கு விடுறார்.

#15 கத்தி பிடிச்சவன்

கோமதி அக்கா சொன்ன அந்த ஆபரேஷன் மட்டமான வைத்தியம்னு யாரும் நினைச்சுடாதீங்க. ஆண் ஹார்மோனை நிறுத்தினா இந்தப் புற்றுநோய் அடங்கும்னு 1941ல சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினதே அப்படித்தான். 1966ல நோபல் வாங்கினார். ஊசியும் அதே வேலையைத்தான் செய்யுது, நிறுத்தினா ஹார்மோன் பெரும்பாலும் திரும்பும்ங்கிறதுதான் வித்தியாசம். அதனால ஆறு மாசம் மட்டும் தேவைப்படுறவங்களுக்கு ஊசி, வாழ்நாள் முழுக்கன்னா ரெண்டும் ஒண்ணுதான். அபிராட்டெரோனை உலக சுகாதார அமைப்பு 2019ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேத்திருக்கு. ஜெனரிக் வந்தப்புறம் நம்ம ஊர்ல விலை எவ்வளவோ இறங்கிருச்சு.

#16 கரிசல்காட்டான்

தாமதத்துக்கு மன்னிக்கணும். கோமதி அக்கா பதிவைப் படிச்சுட்டு ஊருக்குப் போனேன். அம்மாவை வச்சுக்கிட்டு அப்பாகிட்ட சொன்னேன். "தெரியும்டா"ன்னார். பயாப்ஸி எடுத்த ஆஸ்பத்திரி போர்டுலயே 'ஆங்காலஜி'ன்னு இருந்ததாம், பக்கத்துல உக்காந்திருந்தவர் விளக்கிட்டாராம். நாங்க நடிச்சதை அவரும் பாத்துக்கிட்டு இருந்திருக்கார்.

பி.எஸ்.எம்.ஏ. பெட் எடுத்தாச்சு. புரோஸ்டேட்டைத் தாண்டி எங்கயும் இல்ல. மூத்திரம் போனப்புறமும் பையில 180 மில்லி நிக்குது. அப்புறம் சர்ஜன், ரேடியேஷன் டாக்டர் ரெண்டு பேரும் ஒரே நாள்ல பாக்குற இடத்துக்குப் போனோம். ரெண்டு பேர்கிட்டயும் அவரைத் தனியா விட்டோம். என்ன பேசினார்னு நான் கேக்கல.

உண்மையைச் சொன்னா, இங்க படிச்சதை வச்சு நான் ரேடியேஷன்தான்னு மனசுல முடிவு பண்ணி இருந்தேன். அப்பா ஆபரேஷன்னார். "ஆறு வருஷமா ராத்திரி தூங்கல, எனக்குத் தூங்கணும்"னு சொன்னார். ஒழுகும்னு டாக்டர் சொன்னாராமே, அதுக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன். "இப்ப மட்டும் ஒழுகலையா"ன்னுட்டார். ஹார்மோன் ஊசியில சுகர் ஏறும்ங்கிறதும் அவருக்குப் பிடிக்கல. ஆபரேஷனுக்கு அப்புறம் ரேடியேஷன் தேவைப்படலாம்னு ரெண்டு டாக்டரும் சொல்லியிருக்காங்க, அது தெரிஞ்சுதான் சொல்றார்.

இப்ப என் கேள்வி பணம். ரோபோட் இல்லாம, ஓப்பனாவோ லேப்ராஸ்கோப்பியிலோ பண்ணா பலன் குறைஞ்சிருமா? காப்பீட்டு அட்டை இருக்கு.

#17 வடமராட்சியான்

அப்பர் கெட்டிக்காரன். அவருக்கு எது கரைச்சல் எண்டு அவருக்குத்தானே தெரியும். எனக்குச் சரிவந்தது அவருக்குச் சரிவராது, அந்தக் கேப்ஸ்யூல் கதைக்குப் பிறகு நானும் கண்காணிப்புப் பக்கம் இழுக்கேல்லை.

#18 லீனியர் ரூம்

ஒரு பேஷண்ட் போச்சு எங்களுக்கு. 😄 சரியான காரணத்தோடதான் எடுத்திருக்கார்.

#19 கத்தி பிடிச்சவன்

ரோபோட் பத்தி: ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல 326 பேரை ஓப்பன், ரோபோட்னு பிரிச்சு ஒப்பிட்டாங்க. 2016ல மூணு மாச முடிவு, 2018ல ரெண்டு வருஷ முடிவு. மூத்திரக் கட்டுப்பாட்டுலயும் விறைப்புலயும் ரெண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியல. ரோபோட்ல ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். அது உண்மை. அதுக்குத்தான் அந்தக் கூடுதல் காசு. மிஷினைவிட அதைப் பிடிக்கிற ஆள்தான் முக்கியம். வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, உங்க பேஷண்ட்ஸ்ல ஒரு வருஷம் கழிச்சு எத்தனை பேர் பேட் வைக்கிறாங்கன்னு கேளுங்க. கோவிச்சுக்கிட்டா வேற ஆளைப் பாருங்க. விறைப்புக்கான நரம்பைக் காப்பாத்தி எடுக்க முடியுமான்னும் கேளுங்க. 1982ல பேட்ரிக் வால்ஷ் அந்த முறையைக் காட்டினதுக்கு அப்புறம்தான் இந்த ஆபரேஷனே மனுஷத்தனமாச்சு. கட்டி நரம்புப் பக்கம் ஒட்டியிருந்தா அந்தப் பக்கம் விட முடியாது, எம்.ஆர்.ஐ. பாத்துச் சொல்வாங்க.

முதலமைச்சர் காப்பீட்டுல வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. பட்டியல்ல உள்ள ஆஸ்பத்திரியா, இந்த ஆபரேஷன் அதுல வருதான்னு அங்க இருக்கிற காப்பீட்டு மேஜையில முதல்லயே கேட்டுக்கோங்க. அரசு மருத்துவக் கல்லூரியிலயும் செய்யுறோம், வரிசை இருக்கும், அவ்வளவுதான்.

#20 கோமதி அக்கா, சேலம்

இடுப்புத் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்லு. போற மூத்திரத்தைப் பாதியில நிறுத்துறப்ப எந்தத் தசை இறுகுதோ அதைத்தான் இறுக்கி விடணும். தசை எதுன்னு தெரிஞ்சதும் மூத்திரம் போகும்போது செய்யக்கூடாது, சும்மா உக்காந்திருக்கும்போது செய்யணும். பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை காட்டிக் குடுத்தா நல்லது.

அப்புறம், பட்டாபட்டி டிராயர்ல பேட் நிக்காது. இறுக்கமான ஜட்டி நாலு வாங்கி வை. வேட்டிக்குள்ள வெளிய தெரியாது. எங்க தெருவுல ஒருத்தர் ஆபரேஷனுக்கு அப்புறம் பேட் நழுவும்னு பயந்தே ஆறு மாசம் கோயிலுக்குப் போகல. டியூபை ஒரு வாரம், பத்து நாள்ல எடுப்பாங்க. எடுத்த அன்னிக்கு நல்லாவே ஒழுகும், அதைப் பாத்து அப்பா மனசு விட்டுரப் போறார், முன்கூட்டியே சொல்லி வை. அது மாசக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறையும்.

#21 பழைய லேப்காரர்

ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சு முதல் பி.எஸ்.ஏ. பாப்பாங்க. சுரப்பியே இல்லாததால அது கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கணும். சில லேப் '0.1க்குக் கீழ்'னு நிறுத்திக்கும், சில லேப் 0.01 வரை சொல்லும். இடம் மாத்தி மாத்திக் குடுத்தா 0.03, 0.06னு பாத்துட்டு ராத்திரி தூக்கம் கெடும். ஒரே லேப்ல குடுங்க, ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல தேதிவாரியா வைங்க. டூட்டாஸ்டெரைடு கலந்த அந்தக் கேப்ஸ்யூலை நிறுத்தியாச்சான்னு சர்ஜன்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, மெடிக்கல்காரர் அட்டையைப் பாத்துட்டு மறுபடி குடுத்துருவார்.